செத்த பாட்டிக்குத்தான் லீவு

ஏனம்முணி, உன்ற ஃபைலைத் திண்ணையில வெச்சுட்டு நீ குளிக்கப் போயிட்டே. நான் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முழுசும் படிச்சுப்போட்டேன். அடுத்தவங்க ஃபைலைத் தொடலாமான்னு கேக்காதே. வயசானவங்களைப் பத்தின ஃபைல். அதைப் படிக்க இந்த வூட்டுல என்னை விட்டா ஆருக்குத் தகுதி இருக்குது?

வூட்டுல பெரியவங்களை வெச்சுப் பாத்துக்கற தொழிலாளிகளுக்கு எப்படி ஒத்தாசை பண்றதுன்னு, உங்க பனியன் கம்பெனியில ஆபீஸ் ஆளுகளுக்கு ஒரு நாள் பயிற்சியாமா. நெம்ப நல்ல சோலி. நிகழ்ச்சி நிரலையும் பாத்தேன். 10 மணிக்குக் குத்துவிளக்கு. 10.15க்கு வரவேற்பு. 10.30க்கு ஜி.எம். பேச்சு. 11 மணிக்கு டீ. அப்பறம் பெங்களூருல இருந்து ஒரு கோட்டுக்காரர் வந்து எல்லாத்தையும் கண்ணை மூடச் சொல்லி, "உங்கள் பாட்டியின் கையை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள்"ங்கறாரு. மத்தியானம் பிரியாணி. 3 மணிக்குப் பெரியவங்க நாலு பேருக்குப் பொன்னாடை. 4 மணிக்குக் குரூப் போட்டோ. இதுல பயிற்சி எந்நேரத்துக்குன்னு கண்ணாடியைத் தொடைச்சுத் தொடைச்சுப் பாத்தேன். பிரியாணிதான் தட்டுப்பட்டுது.

திடீர்னு இந்த அக்கறை எங்கிருந்து வந்துதுன்னும் அதுலயே இருக்குது. உங்ககிட்டப் பனியன் வாங்கற பையர் கேட்டிருக்கறான். அவன் ஊரு இங்கிலாந்து. அங்க 2023ல சட்டம் போட்டு, 2024 ஏப்ரல் 6ல இருந்து, முடியாதவங்களைப் பாத்துக்கற ஆளுக்கு வருசத்துல ஒரு வாரம் லீவு குடுக்கோணும்னு ஆக்கியிருக்கறாங்க. வேலைக்குச் சேந்த மொத நாள்ல இருந்தே கேக்கலாமாம். சம்பளம் கெடையாது. வெள்ளைக்காரன் பாசத்தையும் கணக்குப் பாத்துத்தான் அளப்பான். ஜப்பான்காரன் ஒரு படி மேல. முடியாத பெரியவர் ஒருத்தருக்கு 93 நாள், அதை மூணு தவணையா எடுத்துக்கலாம். 2025 ஏப்ரல்ல இருந்து இன்னொண்ணும் சேத்துட்டானுக. ஆளுக்கு 40 வயசு ஆகறப்பவே கம்பெனிக்காரன் கூப்பிட்டு, பின்னாடி உங்கொப்பன் ஆத்தாளுக்கு முடியாமப் போனா இன்னின்ன வழி இருக்குதுன்னு சொல்லி வெக்கோணும். படுக்கையில விழுகறதுக்கு முன்னாலயே சொல்றானுக, பாத்துக்க. நம்மூருல விழுந்து, எழவெடுத்து, கருமாதி முடிஞ்ச பொறகுதான் "அப்பவே சொல்லியிருக்கலாமே"ங்கறாங்க.

நம்ம சட்டத்தையும் நீ தேடித்தான் பாத்திருக்கற, பென்சில்ல கோடெல்லாம் போட்டிருக்குது. 2025 வரைக்கும் இருந்த 1948ஆம் வருசத்து ஃபேக்டரிச் சட்டத்துல, 30 பொம்பளையாளுக்கு மேல இருந்தா புள்ளைகளுக்குத் தனியா ரூம்புன்னு இருந்துது. 500 பேரோ அதுக்கு மேலயோ வேலை செஞ்சா வெல்பேர் ஆபீசர்னும் இருந்துது. 2017ல பேறுகால லீவை 26 வாரமாக்கினாங்க. நல்லதுதான். தொட்டிலுக்கு எடம் குடுத்தவங்க கட்டிலுக்குக் குடுக்கலை. அப்பனைப் பாத்துக்கறதுக்குன்னு தனியா ஒரு லீவை மில்லுக்காரனுக்கோ பனியன் கம்பெனிக்காரனுக்கோ எந்தச் சட்டமும் சொல்லலை.

சட்டம் சொல்லலைன்னா நம்ம ஆளு சும்மா இருப்பானா? சொந்தமா ஒண்ணு போட்டுக்கிட்டான். "பாட்டி செத்துப்போச்சுங்க."

நான் மில்லுல மேஸ்திரியா இருந்த காலத்துல ஒவ்வொரு பாட்டியும் ரெண்டு மூணு தடவை செத்துது. ஒரு ஆளுக்கு அப்பனைப் பெத்தவ ஒருத்தி, ஆத்தாளைப் பெத்தவ ஒருத்தி, மொத்தமே ரெண்டு பாட்டிதான். ஆனா ரிங் பிரேம் பசங்க ரிஜிஸ்டரைத் தொறந்தா ஆளுக்கு அஞ்சாறு எழவு நிக்கும். டைம் ஆபீஸ்ல ஒரு கிளார்க்கு இருந்தாரு, மொகத்துல சிரிப்பே காட்டாமக் கேப்பாரு: "இது போன தை மாசம் செத்த பாட்டியா, புதுசா?"

சிரிக்கறியே, அவனுக எதுக்குக் கொன்னானுகன்னு ரோசிச்சியா? "எங்கம்மாளுக்கு நேத்துல இருந்து மூத்திரம் போகலைங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணும்"னு ஒருத்தன் நெசத்தைச் சொன்னான். "ஏன், உன்ற சம்சாரம் கூட்டிட்டுப் போக மாட்டாளா?"ன்னாரு லேபர் ஆபீசர். லீவு வல்லை. அதே வாரத்துல பாட்டி செத்துப்போச்சுன்னு பொய் சொன்னவனுக்கு லீவும் கெடைச்சுது, மாலை வாங்கக் காசும் கெடைச்சுது, "மனசைத் தேத்திக்கப்பா"ன்னு முதுகுல தட்டும் கெடைச்சுது. அப்பறம் எவன் நெசம் பேசுவான்? உசுரோட கெடக்கறவளுக்கு லீவு இல்லை, செத்தவளுக்கு உண்டுன்னு ஆக்கினது ஆபீஸ். அத்தனை பாட்டிகளையும் கொன்ன பாவம் அந்த டைம் ஆபீஸ் மேசைக்குத்தான் சேரும்.

உங்க ஜி.எம். ஓரத்துல ஒரு வரி எழுதியிருக்காரு, பாத்தேன். நம்ம கம்பெனியில இப்படிப் பாத்துக்கறவங்க ரெண்டு பேருதான் இருக்கறாங்களாம், அதுக்கு எதுக்கு ஒரு நாள் பூராவும்னு. 2011 ஜனக் கணக்குல தமிழ்நாட்டுல 100 பேருக்கு 10.4 பேரு 60 வயசு தாண்டினவங்க. நாடு முழுக்கச் சேத்துப் பாத்தாலே 8.6தான். அது பழைய கணக்கு, இப்ப இன்னும் கூடியிருக்கும். இத்தனை கெழடுகட்டைகளும் ஆரு வூட்டுல இருக்கறோம்? உங்க லைன்ல தைக்கறவ வூட்டுலயும், செக்கிங் பண்றவ வூட்டுலயும்தான். ரெண்டு பேருன்னா, வாயைத் தொறந்து சொன்னவங்க ரெண்டு பேரு. மிச்சம் எத்தனைன்னு தெரியோணும்னா லீவு ரிஜிஸ்டருல செத்த பாட்டிகளை எண்ணச் சொல்லு.

உன்ற பயிற்சி ஒண்ணைச் சாதிச்சாப் போதும், கண்ணு. உங்க கம்பெனியில பொய் சொல்றதை விட நெசம் சொல்றது லேசா இருக்கோணும்.

அதுக்கு ஆரைப் பழக்கோணும்? உன்ற பட்டியல்ல ஹெச்.ஆர். மேனேஜர், அவருக்கு அசிஸ்டெண்ட், அக்கவுண்ட்ஸ்ல ரெண்டு பேரு. எல்லாம் ஏ.சி. ரூம்புக்காரங்களாப் பொறுக்கி எடுத்திருக்கற. அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கிட்டு டெய்லருக்கு ஒத்தாசை பண்ற எந்தக் கைமடி உள்ள வந்தா, சொல்லு? செருப்பைக் கழட்டோணுமா வேண்டாமான்னே அவளுக்குத் தெரியாது. அவ சங்கடம் மொதல்ல தெரியறது கேட்டு வாட்ச்மேனுக்கு. அப்பறம் டைம் ஆபீஸ் கிளார்க்குக்கு. அப்பறம் லைன் சூப்பர்வைசருக்கு. போன் வந்தா ரிசப்ஷன்ல உக்காந்திருக்கற புள்ளைக்கு. இந்த நாலு பேருல ஒருத்தர் பேரும் பட்டியல்ல இல்லை. குத்துவிளக்கு ஏத்தறவரு பேரு ரெண்டு எடத்துல இருக்குது.

ஒரு காலைப்பொழுதை நெனச்சுப் பாரு. 8.30க்குக் கேட்டு. 8.40க்கு ஒருத்தி ஓடியாரா. கையில தூக்குப்போசி, சேலைத் தலைப்பு பூரா ஈரம், மேல டெட்டால் வாசம். மாமனாருக்கு வாதம் அடிச்சு ஒரு பக்கம் விழுந்துபோச்சு. கெளம்பற நேரம் பாத்துப் படுக்கையிலயே போயிட்டாரு. அதைத் தொடைச்சு, துணி மாத்தி, ஈரம் பட்ட போர்வையை அலசிப் போட்டுட்டு, பக்கத்து வூட்டுல சாவியைக் குடுத்துட்டு வாரா. வாட்ச்மேன், "டைம் ஆபீஸ்ல போய்ச் சொல்லு"ங்கறாரு. டைம் ஆபீஸ்ல தலையைக்கூடத் தூக்காம, "அரை நாள்"ங்கறாங்க. லைனுக்குப் போனா சூப்பர்வைசர், பவர் டேபிள் சத்தத்துக்கு மேல, "வந்துட்டாங்க மகாராணி"ங்கறான். மூணு பேரு பேசினாங்க. "என்னாச்சு?"ன்னு ஒருத்தன் கேக்கலை. அந்தக் கேள்விக்குக் கம்பெனிக்கு என்ன கரண்டு செலவாகுதா?

வாட்ச்மேனுக்குச் சட்டமெல்லாம் சொல்லிக் குடுக்க வேண்டாம். "ஏன் சாமி, வூட்டுல ஆருக்காச்சும் முடியலையா?"ன்னு கேக்கப் பழக்கு. ஆமாம்னா இன்ன ஆபீசரைப் போய்ப் பாருன்னு ஒரு பேரைச் சொல்லத் தெரிஞ்சாப் போதும். அதுக்கு மேல தோண்டித் தோண்டிக் கேக்கப்படாது. வாட்ச்மேனெல்லாம் எங்க ஊரு ஆளுக. கேக்க உட்டா பேதி என்ன கலர்ல போச்சுங்கற வரைக்கும் கேப்பானுக.

போன் எடுக்கற புள்ளைதான் நெம்ப முக்கியம். லைனுக்குள்ள செல்போன் ஆகாதுன்னு வாங்கி வெச்சுக்கறீங்க. செரி, உங்க ரூல். அப்ப 9.15க்குப் பக்கத்து வூட்டுக்காரி ஆபீசுக்குத்தான் கூப்பிடறா: "அவிய மாமியா பொடக்காலியில வழுக்கி விழுந்துட்டாங்க." இந்தப் புள்ளை, "லைன்ல இருக்காங்க, டீ டைம்ல சொல்றேங்க"ன்னு வெச்சுருது. டீக்கு இன்னும் ஒண்ணரை மணி நேரம் கெடக்குது. அது வரைக்கும் இடுப்பெலும்பு முறிஞ்ச கெழவி சிமெண்டுத் தரையில. இல்லாட்டி மறுகோடிக்குப் போயி, மைக்குல கூப்பிட்டு, உங்க மாமியார் விழுந்துட்டாங்கன்னு ஊருக்கே ஒலிபரப்பறது. நூறு பேரு திரும்பிப் பாப்பாங்க. அதுல பாதிப் பேருக்கு, விழுந்தது தங்க மாமியா இல்லையேன்னு ஒரு ஏமாத்தம்.

அந்தப் புள்ளையைப் பழக்கு. ஆரு பேசறீங்க, விழுந்தவிய பேசறாங்களா, கூட ஆரு இருக்கறாங்க, 108க்குச் சொல்லியாச்சா. இதைக் கேட்டு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக்கிட்டு, எந்திரிச்சு லைனுக்கே போகோணும். சூப்பர்வைசர்கிட்டச் சொல்லி டேபிள் சுச்சை நிறுத்திட்டுத்தான் அவகிட்டச் சமாச்சாரத்தைச் சொல்லோணும், இல்லாட்டி ஊசி வெரல்ல ஏறிரும். போக்குவரத்துக்கு ஒரு வண்டி. இதைச் சொல்லிக் குடுக்கப் பெங்களூரு கோட்டு வேணுமா?

இரக்கம் வேண்டாம்னு நான் சொல்லலை. காயிதம் தெரிஞ்ச ஒரு கிளார்க்கு இருந்தா இரக்கம் தன்னால வந்து சேரும். மாசச் சம்பளம் 21,000க்குள்ள இருக்கறவங்களுக்கு ஈ.எஸ்.ஐ. பிடிக்கறீங்கல்ல? வருமானமில்லாம இவங்களை நம்பியிருக்கற அப்பன் ஆத்தாளையும் அதுல குடும்பம்னு சேக்கலாம். உங்க டைம் ஆபீஸ்காரரு வேலைக்குச் சேர்ற அன்னிக்கு, "கல்யாணம் ஆச்சா, குழந்தை எத்தனை?"ன்னு எழுதிக்கிட்டு, "அடுத்து"ங்கறாரு. பெத்தவங்க இருக்கறாங்களான்னு கேக்கறதில்லை. எல்லாரும் வானத்துல இருந்து குதிச்சு வந்து சிங்கர் மிசின்ல உக்காந்த மாதிரி ஒரு நெனப்பு. மாசாமாசம் பிடித்தம் போயிட்டேதான் இருக்குது. ஆத்தாளுக்கு நெஞ்சு வலின்னா வட்டிக்கு வாங்கிக்கிட்டுப் பிரைவேட் ஆஸ்பத்திரிக்கு ஓடறான்.

மாமியாரைச் சேக்கலாமான்னு எவளாச்சும் கேட்டா என்ன சொல்லுவே? 2020ல போட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத்துல, பொம்பளையாளுக்குக் குடும்பம்னா, அவளை நம்பி இருக்கற மாமனார் மாமியாரும் சேத்தின்னு எழுதிட்டாங்க. அவங்க வருமானத்துக்கு ஒரு வரம்பு உண்டு, அவ்வளவுதான். டில்லியில ஆரோ ஒரு மருமவ உக்காந்து எழுதியிருப்பான்னு நெனைக்கறேன். நம்ம கிளார்க்கு அதைப் படிச்சு வெச்சிருக்கோணும். பெத்தவங்க வைத்தியத்துக்கு பி.எஃப்.ல முன்பணம் எடுக்கலாங்கறதும் அவருக்குத் தெரியும். ஆனா கேட்டாத்தான் சொல்லுவாரு. கேக்கோணும்னு வந்தவங்களுக்குத் தெரியாது. உங்க ஆபீஸ்ல பாதி நலத்திட்டம் இப்படி ரெண்டு மௌனத்துக்கு நடுவுல தூங்குது.

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்கறதுக்குன்னே ஆத்தாளைக் கூட்டிக்கிட்டு ஜி.ஹெச். வரிசையில அரை நாள் நிக்கறவங்க எத்தனை பேருன்னு விசாரி. 2021 ஆகஸ்ட் 5ல கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில ஸ்டாலின் தொடங்கி வெச்சது மக்களைத் தேடி மருத்துவம். அதுல அந்த மாத்திரையை வூட்டுக்கே கொண்டாந்து குடுக்கறாங்க. படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு நோவு தணிக்கற வைத்தியமும் பிசியோதெரபியும் வூட்டுக்கே வருது. எனக்கு மாத்திரை கொண்டார்ற புள்ளை பிரஷர் பாக்கற மிசினைக் கையில சுத்திட்டு, "தாத்தா, நேத்து ஊறுகாய் எவ்வளவு?"ன்னு போலீஸ்காரியாட்டம் கேக்கறா. இந்த விசயத்தை உன்ற ஆபீஸ் ஆளு ஒருத்தருக்குச் சொல்லிட்டா மாசம் ஒரு அரை நாள் லீவு மிச்சம், கம்பெனிக்கும் லாபம். பெரியவங்களுக்கு உதவிக்குன்னு 14567னு ஒரு போன் நம்பர் இருக்குது. அதை ஹெச்.ஆர். ரூம்புக்குள்ள ஒட்டாதே. கேண்டீன்ல இன்னிக்கு என்ன கொழம்புன்னு எழுதற பலகைக்குப் பக்கத்துல ஒட்டு. அதைப் படிக்காத ஆளு கம்பெனியிலயே கெடையாது.

இப்பச் சொல்றதைக் கொஞ்சம் கவனிச்சுக் கேளு. இது கோட்டுக்காரருக்கே தெரியுமோ என்னமோ. நீ புதுசா ஒரு லீவு ஃபாரம் போட்டிருக்கற. "உறவினரைப் பராமரிக்க விடுப்பு"ன்னு தலைப்பு, நல்லாத்தான் இருக்குது. மூணாவது வரியில, "எத்தனை நாளில் நிலைமை சரியாகும்?"னு ஒரு கட்டம். ஏங்கண்ணு, அதுல என்ன எழுதுவாங்க?

புள்ளை வளக்கறது தென்னம்புள்ளை வெக்கறாப்பல. மொத ரெண்டு மூணு வருசம் கொடம் கொடமா ஊத்தினாப் போதும், அப்பறம் வேர் புடிச்சு அதும்பாட்டுக்கு நிக்கும். பெரியவங்களைப் பாக்கறது அப்படி இல்லை. இந்த வருசம் கையைப் புடிச்சு நடத்தறோம், அடுத்த வருசம் தூக்கி உக்கார வெக்கறோம், அதுக்கடுத்து ஊட்டறோம். நாளாக நாளாகக் கனம் கூடும். எப்ப முடியும்னா, ஒரே ஒரு விதமாத்தான் முடியும். அதை வாயால சொல்லச் சொல்லிப் பெத்த மககிட்ட ஃபாரத்துல கட்டம் போட்டுக் கேக்கறியே. பயத்துல "10 நாள்"னு எழுதுவா. 11ஆம் நாள் உன்ற ஆளு போன் போட்டு, "இன்னும் சரியாகலையா?"ம்பான். அவளுக்கு அது, "இன்னும் சாகலையா?"ன்னுதான் காதுல விழும். அந்தக் கட்டத்தை அடிச்சுப்போட்டு, "அடுத்து எப்பப் பேசலாம்?"னு கேளு. மாசம் ஒருக்கா கூப்பிட்டுப் பேசு. போன மாசம் அரை மணி லேட்டு போதும்னவளுக்கு இந்த மாசம் ஷிப்டையே மாத்தோணுமா இருக்கும்.

சூப்பர்வைசருக்கும் ரெண்டு விசயம். படுத்த படுக்கையா இருக்கறவங்களை 2 மணி நேரத்துக்கு ஒருக்காப் பொரட்டிப் படுக்க வெக்கோணும், இல்லாட்டி முதுகுல புண்ணு வந்துரும். உங்க ஒண்ணரை ஷிப்டு 12 மணி நேரம். கணக்குப் போட்டுக்க. வூடு ரெண்டு தெருத் தள்ளி இருந்தா, மத்தியானச் சோத்து நேரத்துல போய்ட்டு வரத் தெனம் கெஞ்சாத மாதிரி மாசத்துக்கே ஒரு கேட் பாஸ் எழுதிக் குடுங்க. ராத்திரி வேலை இருக்குதுங்கறதைச் சாயந்தரம் 5 மணிக்குச் சொல்லாதீங்க. சிப்மெண்டு இன்னிக்குத்தான்னு ஜி.எம்.முக்குப் போன வாரமே தெரியும். காலையில சொன்னா அவ ஆரையாச்சும் கால் கையைப் புடிச்சு ஏற்பாடு பண்ணிட்டு நிம்மதியாத் தைப்பா.

ஆம்பளைகளை மறந்துராதே. கட்டிங்ல ஒரு மாஸ்டர் இருப்பான், மீசையும் அதட்டலுமா. வூட்டுல ஆத்தாளுக்குத் துணி மாத்தறது அவனாத்தான் இருக்கும். பொண்டாட்டி இல்லை, கூடப் பொறந்தவளும் இல்லை. அதை வெளியில சொல்லக் கூச்சம். லேட்டா வந்தா வண்டி பஞ்சரும்பான், ராத்திரி தண்ணி போட்டுட்டேனும்பான். குடிகாரன்னு பேரெடுத்தாலும் எடுப்பான், ஆத்தாளுக்குக் கால் கழுவி உடறேன்னு சொல்ல மாட்டான். பஞ்சர் அடிக்கடி ஆச்சுன்னா டயரைப் பாக்காதே, அவன் கண்ணைப் பாரு. தூக்கம் இல்லாத கண்ணு தனியாத் தெரியும்.

அப்பறம் ஒடிசா, ஜார்க்கண்டு, பீகாருப் பசங்க. உங்க பயிற்சியில அவங்க பேச்சே இல்லை. அவனுக்கும் அங்க ஆத்தா உண்டு. இங்க இருந்து தன்பாத் வண்டி ஏறினா ரெண்டு ராத்திரி போகோணும். அவனுக்கு நாலு நாள் லீவு குடுத்துட்டு, குடுத்துட்டோம்னு சொல்றது கணக்கா? போற வழியிலயும் வர்ற வழியிலயுமே லீவு தீந்துரும். ஆத்தா மொகத்தைப் பாக்கறதுக்கு நேரமில்லை. அவனுக்கு லீவு மொத்தமா வேணும், டிக்கெட்டுக்கு முன்பணம் வேணும், திரும்பி வந்தா அதே டேபிள் காலியா இருக்குங்கற வாக்கு வேணும். இந்தி தெரிஞ்ச ஒரு ஆளைப் பயிற்சியில உக்கார வை.

வாயை மூடற பயிற்சி ஒண்ணையும் சேத்துக்க. ஒருத்தி வந்து, மாமியாளுக்குப் புத்தி தடுமாறுது, பெத்த மகனையே ஆருன்னு கேக்கறாங்கன்னு அழுதுட்டுப் போவா. சாயந்தரம் பஸ்ல கண்டக்டர் அவளைப் பாத்து, "இப்ப மாமியா எப்படி இருக்காங்க?"ன்னு கேட்டாருன்னு வெச்சுக்க. அதுக்கப்பறம் உங்க ஆபீஸ் வாசப்படியை எவளும் மிதிக்க மாட்டா. பேக்கரியில தேங்கா பன்னும் டீயும் கையில வந்தா உன்ற அசிஸ்டெண்டு வாய் நிக்காதுன்னு நீயே சொல்லியிருக்கற.

மேடையில ஆராச்சும் எந்திரிச்சு, "அந்தக் காலத்துல கூட்டுக் குடும்பம் இருந்துது"ன்னு ஆரம்பிச்சா மைக்கைப் புடுங்கிரு. அந்தக் காலத்துல பெரியவங்களைப் பாத்துக்கிட்டது கூட்டுக் குடும்பமில்லை, அதுல மாட்டின ஒரு மருமவ. அவதான் இப்ப உங்க கம்பெனியில செக்கிங்ல நிக்கறா.

அதே மாதிரி 2007ஆம் வருசத்துச் சட்டத்தை எடுத்துக்கிட்டு எவனும் மெரட்டக் கெளம்பீரப்படாது. பெத்தவங்களைக் கவனிக்காட்டி ஆர்.டி.ஓ. கிட்ட மனுக் குடுக்கலாம், மாசம் 10,000 ரூபா வரைக்கும் குடுக்கச் சொல்லலாம், நட்டாத்துல உட்டா 3 மாசம் ஜெயில்னு அதுல இருக்குது. அசாம்காரங்க 2017ல இன்னும் ஒரு படி போயி, பெத்தவங்களைக் கவனிக்காத கவர்மெண்டு உத்தியோகஸ்தன் சம்பளத்துல 10 சதவீதத்தை வெட்டி ஆத்தா கையில குடுக்கறதுக்குச் சட்டம் போட்டாங்க. நல்ல சட்டந்தான், நம்மூருல வந்தா கலெக்டர் ஆபீஸ்ல பாதிச் சம்பளச் சீட்டுல பொத்தல் விழும். ஆனா கம்பெனிக்கு எதுக்கு அது? பாக்காதவன் உங்ககிட்ட லீவே கேக்க மாட்டான். லீவு கேட்டு வந்து நிக்கறவன் பாக்கறவன். அவனுக்குப் போயி பெத்தவங்க பெருமையைப் பாடம் நடத்தாதீங்க.

கடைசியாப் பரீட்சை. சர்ட்டிபிகேட்டு அச்சடிச்சு வெச்சிருக்கற, பரீட்சை வெக்காமக் குடுக்காதே. நான் ஒரு வழி சொல்றேன். உன்ற ஹெச்.ஆர். ஆளுக ஒவ்வொருத்தருக்கும் ஒரு கெழவனைக் கூட்டிக் குடு. நானே வாரேன், காது அரைகுறை, முட்டி மடங்காது, பஸ்ஸுல ஏத்தவே ரெண்டு ஆளு வேணும். காலையில கூட்டிட்டுப் போயி ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில சீட்டு வாங்கி, டாக்டரைப் பாத்து, ரத்தம் குடுத்து, மாத்திரை வாங்கி, வூட்டுல உட்டு, கஞ்சி குடிக்க வெச்சுட்டு, 8.30க்குள்ள கேட்டுல கைரேகை வெக்கோணும். வெச்சுட்டாங்கன்னா நான் மீசையை எடுத்துக்கறேன். வெக்க முடியலைன்னா அன்னிக்கு அரை நாள் சம்பளம் வெட்டு, எல்லாருக்கும். ஜி.எம்.முக்கும் சேத்தி. அந்தக் கோட்டுக்காரர் எத்தனை நாள் கண்ணை மூடச் சொன்னாலும் இந்த ஞானம் வராது.

செரி, என்ற காரியத்துக்கு வாரேன். உங்கொம்மா போற கம்பெனிக்கு இந்தப் பயிற்சியெல்லாம் இன்னும் எட்டலை. வர்ற புதன்கிழமை எனக்குக் கண்ணுல பொரை எடுக்கறாங்க. ஆபரேசன் சித்த நேரந்தானாம், அன்னிக்கே வூட்டுக்குத் தாட்டி உட்டுருவாங்களாம். அந்த நெசத்தைச் சொன்னா சூப்பர்வைசர் ஒரு நாளுக்கு மேல தர மாட்டான். மறுநாள் கட்டுப் பிரிக்கப் போகோணும், அப்பறம் வாரக்கணக்குல நாளைக்குப் பல வேளை சொட்டு மருந்து விடோணும். என்ற கை நடுக்கத்துக்கு அது கண்ணுல விழாது, காதுலதான் விழும். காலையில இருந்து உங்கொம்மா அடுப்படியில நின்னுக்கிட்டு என்ன பொய் சொல்றதுன்னு ரோசிச்சுட்டு இருக்கறா. போன தடவை என்னை மாடு முட்டிருச்சுன்னு சொன்னா. நம்மகிட்ட மாடே இல்லைங்கறது அவனுக்கு இப்பத் தெரிஞ்சுபோச்சாமா. நீதான் ஹெச்.ஆர். படிச்சவளாச்சே, போயி அவளுக்கு ஒரு நல்ல பொய்யாப் பாத்து எடுத்துக் குடு.